ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நாலடி

கத்தரீனாள் உட்கார்ந்திருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பாள். முப்பத்தொன்பது வருடம் சரிவில் நின்று தேயிலைக் கொழுந்து எடுத்த கால். சமதரையில் நிற்கச் சொன்னால் அதற்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஐம்பத்தெட்டு வயது முடிந்து, போன நவம்பரில் வேலையிலிருந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகும் பேசிக்கொண்டிருக்கும்போது அவளுடைய இரண்டு கைகளும் இடுப்புக்கு மேலே காற்றில் எதையோ கிள்ளிக்கொண்டே இருக்கும். அவளுக்கு அது தெரியாது. நாங்களும் சொல்வதில்லை.

எஸ்டேட் லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி சாவியை ஆபீசில் கொடுத்துவிடுகிறேன் என்று ஒப்பு போட்டுக் கொடுத்திருந்தாள். மகன் ரிஜோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அம்மா, இங்கே வந்துவிடு என்றான். ஒரு வாரம் போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். "அங்கன ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல சூசை. நடந்தா நடந்த மாதிரியே தெரியல" என்றாள். சூசையப்பன் என்கிற என் பெயர் அவள் வாயில் எப்போதும் சூசைதான். அவளைவிட எட்டு வயது சிறியவன். கொத்தன் வேலை எனக்கு.

அவளும் இன்னும் பதினொரு குடும்பமும் சேர்ந்து பள்ளிவாசல் என்கிற ஊருக்குக் கீழே நாற்பது சென்ட் வாங்கினார்கள். ஏலக்காய்க்கும் ஆகாது என்று ஒருவர் கைவிட்டிருந்த சரிவு. பெருமாட்டிப் பக்கத்திலிருந்து கௌசிக் என்று ஒரு இன்ஜினியர் தம்பி வந்தான். சின்ன வீடு கட்டுவதுதான் அவன் படிப்பு, அவன் பைத்தியம், எல்லாம். பதினாறடிக்குப் பதினைந்தடி. ஒரு அறை, அதன் மூலையில் அடுப்பு, பின்னால் கழிப்பறை, மேலே சாமான் வைக்கவும் படுக்கவும் பலகை மச்சு. சரிவை வெட்டி எடுத்த மண்ணையே கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து மெஷினில் அழுத்திக் கல்லாக்குவது. தண்ணீர்த் தொட்டி, துவைக்கிற கல், துணி காயப்போடுகிற இடம் மூன்றும் எல்லோருக்கும் பொது. பதினாறுக்குப் பதினைந்து என்று சொன்னபோது, கோழிக்கூடா கட்டப் போகிறோம் என்று கேட்டேன். அன்றைக்குச் சாயந்திரமே லயத்துக்குப் போய்க் கத்தரீனாளின் வீட்டை அளந்தேன். கோழிக்கூடு அதுதான். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது சுவர் விஷயம். அது தெரியாவிட்டால் பிறகு நடந்தது எதுவும் புரியாது.

லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். சண்டையும் கேட்கும், மற்றதும் கேட்கும். பதினாறு வருடத்துக்கு முன்னால் கத்தரீனாளின் புருஷன் கபிரியேல் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தான். அவள் மேல்காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். சாயந்திரம் வந்து பார்த்தால் கபிரியேல் சுவரோரமாகக் கிடக்கிறான். கை முட்டி தோலுரிந்திருந்தது. சுவரில் ஒரு சாண் அளவுக்குச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. எவ்வளவு நேரம் தட்டினானோ.

அந்தப் பக்கத்து வீட்டுக்குப் அந்த வருடமே குடிவந்தவள்தான் சரஸ்வதியம்மாள். அவளும் கொழுந்துக்காரி, அவளுக்கும் புருஷன் இல்லை, அதோடு மூச்சிழுப்பு வேறு. கத்தரீனாளைவிட இரண்டு மாதம் மூத்தவள். அந்த இரண்டு மாதத்துக்காகத்தான் அக்கா. வந்த முதல் வாரமே கத்தரீனாள் அவளிடம் சொல்லிவிட்டாள்: காலையில் எழுந்ததும் சுவரில் ஒரு தட்டு, படுக்கும்போது ஒரு தட்டு, நீ தட்டினால் நான் திருப்பித் தட்டுவேன், தட்டாவிட்டால் கதவை உடைத்துக்கொண்டு வருவேன். பதினாறு வருடமாக இது நடந்துகொண்டிருந்தது. ஒருத்தி மாதா படத்துக்குக் கீழே தட்டுவாள், மற்றவள் முருகன் காலண்டருக்குக் கீழே. இரண்டு தடவை சரஸ்வதியம்மாள் திருப்பித் தட்டவில்லை. இரண்டு தடவையும் கத்தரீனாள்தான் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

சீட்டுப் போட்டு மனை பிரித்தபோது கத்தரீனாளுக்கு ரோட்டோரம் இரண்டாம் நம்பர் விழுந்தது. எல்லோரும் ஆசைப்பட்ட மனை. அதைக் கொடுத்துவிட்டு, சரஸ்வதியம்மாளின் எட்டாம் நம்பருக்குப் பக்கத்தில், சரிவில் வெட்டிய கடைசிப் படியில் இருக்கிற ஏழாம் நம்பரை வாங்கிக்கொண்டாள். ஆறாம் நம்பர்க்காரர் அமிர்தநாதன், ஃபேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், "ரோட்டை வித்துட்டு ஓடையை வாங்குதா பாரு" என்று சிரித்தார்.

பிறகு கூட்டத்தில் கத்தரீனாள் எழுந்து, எனக்கும் யக்காவுக்கும் ஒரே சுவராகக் கட்டுங்கள் என்று கேட்டாள். கௌசிக் தலையை ஆட்டினான்.

"முடியாதுங்கக்கா. ஊட்டுக்கும் ஊட்டுக்கும் நடுவுல நாலடி உடணுமுங்க. உங்க ரெண்டு ஊட்டுக்கு நடுவுலதான் மேல இருந்து சால் வருது. மழைத் தண்ணி அதுலதான் போகோணும்."

"அங்கன தண்ணி ஒரு சொட்டு இல்லயே தம்பி."

"இப்ப மார்ச்சுங்க."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே இருந்துவிட்டு, பாதிக் கூட்டத்தில் எழுந்து போய்விட்டாள் என்று எழுத முடியாது, நின்றவள்தானே. நடந்து போய்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம் ஏழாம் நம்பருக்கும் எட்டாம் நம்பருக்கும் கௌசிக் முளைக்குச்சி அடித்துவிட்டு, தங்கச்சி கல்யாணம் என்று தன் ஊர்ப் பக்கத்துச் சித்தூருக்குப் பஸ் ஏறினான். திங்கட்கிழமை நான் வந்து பார்த்தால் ஏழாம் நம்பரின் குச்சிகள் எட்டோடு ஒட்டி நிற்கின்றன. நூல் பிடித்தேன். மூலைக்கு மூலை அளந்தேன். நான்கு மூலையும் அச்சு. குச்சி தவறி இடம் மாறியிருந்தால் மூலை கோணியிருக்கும். இது கோணவில்லை.

"என்னக்கா இது, ஒட்டிப் போச்சு?"

"அந்தத் தம்பி மனசு மாறிட்டான். சரின்னுட்டான்" என்றாள் கத்தரீனாள். என் முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

போன் போட்டேன். கல்யாண வீடு, எடுக்கவில்லை. இரண்டாவது தடவை போடவில்லை. அது என் தப்பு. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆள் வந்து நிற்கிறது, கூலி ஆள் இல்லை, அந்தப் பன்னிரண்டு குடும்பத்து ஆட்களே முறைவைத்து வருகிறவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டேன்.

உண்மை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை விடியும்போது, முதல் பூசைக்கு முன்னால், அவள் தனியாக வந்து குச்சிகளைப் பிடுங்கி நாலடி தள்ளி அடித்திருக்கிறாள். தேயிலைச் செடியின் தலைமட்டம் பார்க்கச் செடிமேல் ஒரு நேர்க்கம்பு போட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கம்பை வைத்து அளந்திருக்கிறாள். முப்பத்தொன்பது வருடம் மட்டம் பார்த்த கண். மேஸ்திரியை ஏமாற்ற அது போதும்.

மூன்று வாரத்தில் ஏழும் எட்டும் ஒரே சுவரோடு இடுப்பளவு எழும்பிவிட்டன. அந்த மூன்று வாரமும் அவள் இருந்த இருப்பு சரியில்லை. தன் முறை இல்லாத நாளிலும் வருவாள். கல் சுமப்பாள், பாதியில் இறக்கிவிட்டு மேலே ஏறிப்போய்க் காய்ந்து கிடக்கிற சால் பக்கம் பார்ப்பாள், இறங்கி வருவாள். வானத்தைப் பார்ப்பாள். மேகம் கறுத்தால் கை காற்றில் வேகமாகக் கிள்ளும். சரஸ்வதியம்மாள் ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"ஏட்டி கத்தரீனா, வீடு கட்டுதாளுகளா, வெடி வைக்காளுகளா? ஏன் இப்படி ஓடுதே?"

"சும்மா இரிக்கா."

"நீ சும்மா இருட்டி. எனக்கு உன்னப் பாத்தாலே மூச்சு வாங்குது."

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம் கோடை மழை வந்தது. இடி, பிறகு காற்று, பிறகு ஒரே ஊற்று. நாங்கள் சிமெண்ட் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தோம். மேலே காய்ந்து கிடந்த சாலில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கியது. வழக்கமாகப் போகிற வழியைத் தேடி வந்தது. அங்கே சுவர் நின்றது. சுவரில் முட்டி, இரண்டு பக்கமும் பிரிந்து, ஏழிலும் எட்டிலும் பின்பக்கமாக உள்ளே புகுந்தது. கழிப்பறைக்கு வெட்டிய குழி நிறைந்தது. அடிக்கற்களில் மூன்று வரிசை தண்ணீரில் நின்றன. கத்தரீனாள் மண்வெட்டியோடு முழங்கால் தண்ணீரில் நின்று மண்ணை வாரி வாரிப் போட்டாள். போட்டது போட்ட வேகத்தில் கரைந்து போயிற்று. வாக்கா, வாக்கா என்று கத்தினேன். வரவில்லை. நான்தான் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

மறுநாள்தான் கௌசிக் கல்யாண வேலையெல்லாம் முடிந்து திரும்பி வந்தான். கல்யாண வீட்டு மருதாணிகூடக் கையிலிருந்து முழுசாகப் போகவில்லை. சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஏனுங்க மேஸ்திரி, நான் அடிச்ச எடம் இது இல்லைங்களே."

நான் பதில் சொல்வதற்குள் கத்தரீனாள், "குச்சியை நான்தான் மாத்தி அடிச்சேன். சூசைகிட்டே பொய் சொன்னேன்" என்றாள்.

பன்னிரண்டு குடும்பமும் கூடிவிட்டது. பொல்லாத கோபம். கோபம் இருக்காதா? கல் அழுத்தியது எல்லோருடைய கையும்தான். பஞ்சாயத்து ஓவர்சியர் வந்து பார்த்தால் பெர்மிட் மொத்தத்துக்கும் கேடு, ஏழாம் நம்பருக்கு மட்டும் இல்லை. அமிர்தநாதன்தான் முதலில் ஆரம்பித்தார்.

"கோயிலுக்குத் தவறாமப் போறவ. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னியா, இல்ல அங்கனயும் சூசைகிட்டே சொன்னதுதானா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"குச்சியப் பழைய எடத்துல அடிச்சிரும்மான்னாரு. அதுக்குள்ள சுவரு இடுப்புக்கு வந்துருச்சு."

யாரோ சிரித்துவிட்டார்கள். அமிர்தநாதன் சிரிக்கவில்லை. சரஸ்வதியம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும்.

"எனக்காகவாட்டி செஞ்சே? நான் செத்தா உனக்குத் தெரியணும்னா?"

"உனக்காக ஒண்ணும் இல்ல" என்றாள் கத்தரீனாள். "எனக்காக. நான் தட்டுனா யாருக்குக் கேக்கும்? அவரு தட்டுன சுவத்தப் பாத்துக்கிட்டே பதினாறு வருசம் படுத்துருக்கேன். நாலடிக்கு அந்தால இருந்தாலும், நாப்பது மைலுக்கு அந்தால இருந்தாலும், கேக்காட்டா ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு அன்றைக்கு யாரும் கேலி பேசவில்லை. ஆனால் தண்ணீர் யாருடைய கதையையும் கேட்காது. சால் தண்ணீரை ஆறாம் நம்பருக்கும் ஏழாம் நம்பருக்கும் நடுவே திருப்பிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். என் அஸ்திவாரத்திலா என்று அமிர்தநாதன் எழுந்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். கௌசிக் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே பாறை, சால் தண்ணியைத் திருப்ப முடியாதுங்க என்று முடித்துவிட்டான். ஏழாம் நம்பரைப் பிரித்து நாலடி தள்ளிக் கட்ட வேண்டும். மே முப்பத்தொன்றுக்கு முப்பத்துமூன்று நாள் இருந்தது.

"நான் கட்டுனத நானே பிரிக்கேன். யாரும் தொட வேண்டாம்" என்றாள்.

பிரித்தாள். காலை ஆறு மணிக்கு வந்து, உளியை வைத்து லேசாகத் தட்டி, ஒவ்வொரு கல்லாக எழுப்பி எடுத்தாள். மண் சாந்து என்பதால் கல் முழுசாக வந்தது. வேறு யாராவது பிரித்திருந்தால் பாதி உடைந்திருக்கும். கொழுந்தை நசுக்காமல் எடுத்துப் பழகிய விரல். பிரித்து முடித்தபோது பதினொரு கல்தான் உடைந்திருந்தது. தண்ணீரில் ஊறிய மூன்று வரிசை வேறு ஆகாமல் போயிற்று. அவ்வளவையும் அவளே மெஷினில் நின்று அழுத்திக் கொடுத்தாள். மூன்றாம் நாள் நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். யாரும் தொட வேண்டாம் என்றாளே என்று நினைத்தேன். ஆனால் எழுப்பிய கல்லை என் கையில் கொடுத்தாள். இரண்டாவது தடவை போன் போடாதவன் நான்.

நான்கு குடும்பம் வழக்கம்போல் முறைக்கு வந்தது. மற்றவர்கள் மே பதினைந்தாம் தேதி வரைக்கும் ஏழாம் நம்பர் பக்கம் திரும்பவில்லை. அமிர்தநாதன் தன் வீட்டுக்குக் கூரைத் தகடு போடுகிற வேலையில் இருந்தார். அங்கே இருந்துகொண்டே, "ஏ சூசை, நூலை நல்லாப் பிடி. குச்சிக்குக் கால் முளைச்சிரும்" என்பார். மே பதினாறாம் தேதி தானாக வந்து மச்சுப் பலகையைத் தூக்கிக் கொடுத்தார். 

வேலை வேகமாக நடந்தது. ஆனால் கத்தரீனாளிடம் உசிரில்லை. ஓடிக்கொண்டிருந்தாள், எப்போதும்போல. ஆனால் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே இருந்த அந்த நாலடிக்குள் மட்டும் கால் வைக்கமாட்டாள். சுற்றிக்கொண்டுதான் போவாள்.

ஒரு நாள் மத்தியானம் தொட்டிக்குப் போட வந்த ஜி.ஐ. இரும்புப் பைப்பில் மண் அடைத்திருந்தது. நான் ஒரு முனையில் சுத்தியலால் தட்டினேன். இருபதடிக்கு அப்பால், அந்தப் பைப்பின் மறுமுனையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சரஸ்வதியம்மாள் துள்ளி எழுந்தாள்.

"எவம்லே அது? என் பின்னால தட்டுனது?"

"நான் இங்கனல்லா இருக்கேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். கத்தரீனாள் சிரிக்கவில்லை. தலையில் இருந்த கல்லை இறக்கி வைத்தாள். பைப்பின் ஒரு முனைக்குப் போய், கீழே கிடந்த கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"யக்கா, கைய வச்சுப் பாரு. கேக்குதா?"

"கேக்குதாவா? பல்லு கூசுது."

கத்தரீனாள் என் பக்கம் திரும்பினாள். பிறகு ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே இருந்த அந்த நாலடியைப் பார்த்தாள். நான் அளவுநாடாவை எடுத்தேன்.

வெட்டி மிஞ்சிய பைப்பில் எட்டடித் துண்டு ஒன்று இருந்தது. ஏழாம் நம்பரின் பக்கச்சுவரிலும் எட்டாம் நம்பரின் பக்கச்சுவரிலும், தண்ணீர் எவ்வளவு வந்தாலும் எட்டாத உயரத்தில், மச்சுக்குக் கீழே துளை போட்டேன். பைப்பை இரண்டு சுவரிலும் செருகி, இரு வீட்டுக்குள்ளும் ஒரு முழம் நீட்டி விட்டேன். வெளியே தெரிகிற நாலடி துணி காயப்போட. கௌசிக்கிடம் போனில் சொன்னேன். 

"ஓவர்சியர் கேட்டா என்னங்க சொல்றது?"

"துணிக்கொடின்னு சொல்லு தம்பி. துணி போடத்தான் போறாளுக."

"அப்ப சரிங்க. பெர்மிட்டுல துணிக்கொடி பத்தி ஒண்ணும் இல்லீங்க."

மே முப்பத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால் லயத்து வீட்டுக்குள் போய், கபிரியேல் தட்டிய இடத்தில் கையை வைத்து நின்றதாகச் சரஸ்வதியம்மாள் சொன்னாள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "இவ எங்க நிப்பா? மூச்சு விடுத நேரம், அவ்வளவுதான். ஓடியாந்துட்டா."

ஏழாம் நம்பருக்குத் தகடு போட்டாயிற்று. கதவு வரவில்லை. வாசலில் தார்ப்பாயைத் தொங்கவிட்டுக்கொண்டு குடிபோனாள். சரஸ்வதியம்மாளும் அதே நாளில் எட்டாம் நம்பருக்கு வந்துவிட்டாள். நான்காம் நாள் இடவப்பாதிப் பருவமழை பிடித்தது. சால் நிறைந்து அந்த நாலடி வழியாக உறுமிக்கொண்டு இறங்கியது. இரண்டு வீட்டிலும் ஒரு சொட்டு இல்லை. பின்வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தத் தண்ணீரையா நான் சுவர் வைத்து நிறுத்தப் பார்த்தேன் என்றாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் ஜூன் பத்தாம் தேதி விடிந்ததும் என் வீட்டு வாசலில் நிற்கிறாள். கண் இரண்டும் கோவைப்பழம்.

"சூசை, உன் பைப்பு நாசமாப் போக. காத்தடிச்சா அதுவே தட்டுது."

போய்ப் பார்த்தேன். கொடியில் மாட்டியிருந்த ஹேங்கரும் கிளிப்பும் காற்றில் ஆடிப் பைப்பில் மோதுகின்றன. மலைக்காற்று, சும்மா இருக்குமா? டிங்கென்று கேட்டதும் கத்தரீனாள் எழுந்து, தார்ப்பாயை விலக்கிக்கொண்டு மழையில் ஓடி எட்டாம் நம்பர் கதவைத் தட்டியிருக்கிறாள். சரஸ்வதியம்மாள் தூக்கம் கெட்டுத் திட்டியிருக்கிறாள். திரும்பி வந்து படுத்தால் மறுபடி டிங். பத்து நாளாக இதே கூத்து.

"துணியச் சுத்திவிடட்டா?" என்று கேட்டேன்.

"சுத்தினா நாங்க தட்டுறது எப்படிக் கேக்கும்?"

"அப்ப கிளிப்பக் கழட்டிரு."

"கிளிப்பு இல்லாட்டா துணி பறந்து பூப்பாறைக்குப் போகும்."

சரஸ்வதியம்மாள் அடுப்பில் கட்டன் காப்பி வைத்துக்கொண்டே உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "நாம ஒரு தட்டுதான தட்டுதோம். அத மூணாக்கு. மூணு, சேந்தாப்புல. காத்துக்கு எண்ணத் தெரியாது."

அன்றிலிருந்து மூன்று. நான் அந்தப் பக்கம் மற்ற வீடுகளின் வேலைக்குப் போகும்போது காலையில் கேட்பேன்: மூன்று, கொஞ்சம் இடைவெளி, திருப்பி மூன்று. அமிர்தநாதன் தன் வீட்டுக்கும் ஒரு பைப்பு போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். தனக்கில்லையாம், ஐந்தாம் நம்பர்க்காரருக்காம். யாருக்காக என்றாலும் போட வேண்டியதுதான்.

கத்தரீனாள் மட்டும் இன்னும் ஒரு டிங் கேட்டாலும் எழுந்து உட்கார்கிறாள். மறுபடி வருகிறதா என்று கைவிரலை மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒன்றோடு நின்றுவிட்டால் படுத்துவிட வேண்டும், அதுதான் ஒப்பந்தம். படுப்பதில்லை. போன வாரம் கதவு வந்துவிட்டது. மாட்டிக் கொடுத்துவிட்டு, உள்தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்க என்று கேட்டேன்.

"தாழ்ப்பாள் வேண்டாம் சூசை" என்றாள், கையில் சாப்பாட்டுத் தட்டோடு நடந்துகொண்டே. "ஓடுறப்ப அத வேற தொறக்கணும்ல."